டப்பாவைத் திறப்பதற்கு முன்

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தத் தொழிற்பேட்டையில் நின்று பார்த்தாலும், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களில் சிலர் தோளில் இன்னொரு பை தொங்கும். உள்ளே கையுறை, கையில் சுற்றும் துணிப்பட்டை, ஒரு ஷேக்கர். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு, அறைக்குப் போய்ப் படுக்காமல் குத்துச்சண்டைக்கோ கிக்பாக்ஸிங்குக்கோ மல்யுத்தத்துக்கோ சிலம்பத்துக்கோ போகிறவர்கள் இவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பி, வாடகையும் கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவதில் ஒரு பங்கை பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிறார்கள். அந்த டப்பாவில் எது வேலை செய்யும், எது வீண் செலவு, எது நான்கு வருடத்தைப் பறித்துக்கொள்ளும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

நான்கு வருடம் என்பது மிகையல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 74 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் இந்தியாவின் சார்பில் இறங்க வேண்டியவர் நர்சிங் யாதவ். இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற சுஷில் குமார் நீதிமன்றம் வரை போயும் கிடைக்காத இடம் அது. அந்த ஜூன், ஜூலை மாதங்களில் நர்சிங்கிடம் எடுத்த சிறுநீர் மாதிரிகளில் மெத்தாண்டியெனோன் இருந்தது. ஜிம் வட்டாரத்தில் டயனபால் என்று சொல்லப்படும் அதே ஸ்டீராய்டு. யாரோ சதி செய்து தன் பானத்தில் கலந்துவிட்டார்கள் என்றார் அவர். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா அதை ஏற்று ஆகஸ்ட் 1 அன்று அவரை விடுவித்தது. உலக முகமையான வாடா மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் 18 அன்று, ரியோவிலேயே அமர்ந்திருந்த விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. மாதிரியில் இருந்த அளவு, தண்ணீரில் கலந்த பொடியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, ஒன்றிரண்டு மாத்திரைகள் விழுங்கியதற்குத்தான் ஒத்துப்போகிறது என்று நிபுணர் சாட்சி சொன்னார். மறுநாள் காலை அவர் மேட்டில் இறங்கியிருக்க வேண்டும்.

சதி நடந்ததா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு புதிய வீரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. உடம்பில் எது கிடைத்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் எதிலிருந்து, எப்படி உள்ளே போனது என்பதை நிரூபிக்க வேண்டியவர் வீரர்தான். தமிழ்நாட்டுக்கும் இந்த வலி தெரியும். 2019இல் தோஹாவில் ஆசிய தடகளத்தின் 800 மீட்டர் தங்கத்தை வென்ற திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்து, நாண்ட்ரோலோன் சோதனையில் சிக்கி அந்தப் பதக்கத்தை இழந்தார். நான்கு ஆண்டுத் தடையும் சேர்ந்தது. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாக வாடாவின் கணக்கு சொல்கிறது. அது 3.8 சதவீதம். ஐயாயிரத்துக்கு மேல் சோதனை நடத்திய நாடுகளில் இதுதான் மிக அதிகம்.

சண்டை விளையாட்டுக்காரர் இந்த அபாயத்துக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நெருக்கமாகவே நிற்கிறார். தசை வேண்டும், ஆனால் எடைப் பிரிவைத் தாண்டக் கூடாது. மூன்று நிமிட ரவுண்டில் தீப்பிடிப்பதுபோல் உழைக்க வேண்டும், ஆனால் முந்தின நாள் பட்டினி. இந்த இழுபறியில்தான் ஃபேட் பர்னர், ப்ரீ வொர்க்அவுட், மாஸ் கெயினர் எல்லாம் விற்பனையாகின்றன.

முதலில் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம், அதில்தான் அதிகப் பணம் மிச்சமாகும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம். கேண்டீனில் இரண்டு வேளை சாப்பிடும் அரிசி கால் கிலோ என்றால் அதிலேயே 18 கிராம் வந்துவிடும். சாம்பார், கூட்டில் போகும் பருப்பு 50 கிராமுக்கு 11. மூன்று முட்டை 18. அரை லிட்டர் பால் 16. ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகமாக வேர்க்கடலை, அதாவது 50 கிராம், 12. அதே அளவு கொண்டைக்கடலை சுண்டலாகப் போனால் 10. நூறு கிராம் மீனோ கோழியோ சேர்ந்தால் 20. கூட்டினால் 105. ஒரு ஸ்பூன் பவுடர்கூட இதில் இல்லை.

பிறகு பவுடருக்கு என்ன வேலை? வசதி, அவ்வளவுதான். இரவு பதினொன்றரைக்கு பி ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு அந்நேரம் முட்டை அவிக்கத் தெம்பிருக்காது. ஒரு ஸ்கூப் வே புரதத்தில் சுமார் 24 கிராம் புரதம் கிடைக்கும், கலக்கிக் குடித்துவிட்டுப் படுக்கலாம். அந்த அளவுக்கு அது நியாயமான செலவு. மாஸ் கெயினர் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. எடைப் பிரிவுக்குள் நிற்க வேண்டியவர் அதைக் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்கு பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பொடி தனியாக எதையும் சேர்த்துத் தருவதில்லை.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்தியக் கடைகளில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து, கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2024இல் ஆய்வு வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். புரத அளவில் ஏமாற்றுவதற்கு ஒரு பழைய வழி உண்டு. சாதாரண ஆய்வுமுறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும். ஆகவே கிளைசின், டாரின் போன்ற விலை மலிந்த அமினோ அமிலங்களைக் கலந்தாலே நைட்ரஜன் கூடும், காகிதத்தில் புரதமும் கூடும். தசைக்கு எதுவும் போய்ச் சேராது.

கலப்படம் இந்தியாவின் நோய் மட்டுமல்ல. 2000, 2001 ஆண்டுகளில் கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளிலிருந்து 634 சப்ளிமெண்ட்களை வாங்கிச் சோதித்தது. ஒன்றிலும் ஹார்மோன் இருப்பதாக லேபிளில் இல்லை. 94இல் ஸ்டீராய்டு இருந்தது. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று.

உண்மையில் வேலை செய்பவை மிகச் சில. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கை, செயல்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உள்ளவை என்று ஐந்தைச் சொல்கிறது: கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட்.

கிரியேட்டின் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம். குறுகிய நேர வெடிப்பு வேகத்துக்கு, அடுத்தடுத்துக் குத்துவதற்கு, தூக்கிப் போடுவதற்கு உதவும். ஆனால் தசைக்குள் நீரை இழுத்துக்கொள்ளும், ஒரு கிலோவோ அதற்கு மேலோ எடை ஏறும். தன் பிரிவின் விளிம்பில் நிற்கிற குத்துச்சண்டை வீரர் போட்டிக்கு முந்தைய வாரங்களில் இதைத் தொடங்கினால் தராசில்தான் தோற்பார். இன்னொன்று, கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் ரத்தத்தில் கிரியேட்டினின் சற்று உயர்ந்து காட்டலாம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பயந்துபோக வேண்டியதில்லை, ஆனால் இதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

கஃபீன் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு. 2004 முதல் அது தடைப் பட்டியலில் இல்லை. 60 கிலோ வீரருக்கு 180 மில்லிகிராம். சட்ட வரம்புக்குள் இருக்கிற 250 மில்லி எனர்ஜி ட்ரிங்க் ஒன்றில் அதிகபட்சம் 75 மில்லிகிராம்தான். இந்தப் பகுதியின் வீரருக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது: சி ஷிஃப்டில் கண் விழிக்கக் குடிக்கும் டீ. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்த டீ, காலை எட்டு மணித் தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காத உடம்பு எந்தப் பவுடரை ஊற்றினாலும் தசை கட்டாது. ஷிஃப்ட் முடிய ஐந்தாறு மணி நேரம் இருக்கும்போதே டீயை நிறுத்திக்கொள்வது, காசு செலவில்லாத சப்ளிமெண்ட்.

நைட்ரேட்டுக்கு பீட்ரூட் ஜூஸ் போதும், இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. வாயிலுள்ள நுண்ணுயிரிகள்தான் அதை உடம்புக்குப் பயன்படும் வடிவமாக மாற்றுகின்றன, ஆகவே அன்றைக்கு மவுத்வாஷ் கூடாது. பீட்டா அலனைன் நான்கு வாரமாவது தினமும் சாப்பிட்டால்தான் பலன், தோலில் ஊர்வதுபோல் இருக்கும், அது ஆபத்தில்லை. சோடியம் பைகார்பனேட் என்பது சமையல் சோடாதான். தேவைப்படும் அளவு கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது 60 கிலோவுக்கு 18 கிராம். பலருக்கு வயிறு புரட்டும், பேதியாகும். பயிற்சியில் சோதித்துப் பார்க்காமல் போட்டியன்று முதல் தடவையாக விழுங்குவது தற்கொலைக்குச் சமம்.

வீராங்கனைகளுக்கு இந்த ஐந்தையும்விட முக்கியமானது இரும்புச்சத்து. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை பார்த்து, விடுதிகளில் தங்கி, ஜூடோவோ டேக்வாண்டோவோ ஆடும் பெண்கள் இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கினால், பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். குறைவென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் இரும்பு மாத்திரை, ஆயிரக்கணக்கில் விலை போட்ட எந்த டப்பாவையும்விட அதிகம் செய்யும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். குறை இல்லாதவர் தானாக இரும்பு சாப்பிடக் கூடாது, உடம்பில் தங்கித் தீங்கு செய்யும்.

எடை குறைப்பதில்தான் உயிர் போகிறது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், 33 நாட்களுக்குள், மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். முதலில் கிரியேட்டின் மீது சந்தேகம் விழுந்தது. விசாரணையில் தெரிந்தது வேறு: காற்றுப் புகாத உடையைப் போட்டுக்கொண்டு, சூடான அறையில், தண்ணீர் குடிக்காமல், சில மணி நேரத்தில் பல கிலோ இறக்கப் பார்த்திருக்கிறார்கள். உடல் வெப்பமும் நீரிழப்பும்தான் கொன்றன. நல்ல பயிற்சியும் மருத்துவர் குழுவும் உள்ளவருக்கும் தராசு இரங்காது. 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்று போட்டிகளை வென்று 50 கிலோ மல்யுத்த இறுதிக்கு வந்த வினேஷ் போகத், இரவெல்லாம் ஓடியும் வியர்த்தும் முடியைக் குறைத்தும், மறுநாள் காலை 100 கிராம் அதிகமாக நின்றார். தகுதி இழந்தார். உலக மல்யுத்தத்தில் இரண்டாம் நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள் என்பதால், முதல் நாள் போட்டிக்குப் பிறகு குடிக்கும் தண்ணீரும் சாப்பிடும் சோறும் கணக்கில் வரும்.

ஸ்ரீபெரும்புதூர் வெயிலில், பெயிண்ட் ஷாப்பிலோ ஃபவுண்டரியிலோ நின்றுவிட்டு வருகிறவர் நிறைய நீரை ஏற்கெனவே இழந்துதான் ஜிம்முக்குள் நுழைகிறார். பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடுவது அவருக்கு இரட்டை ஆபத்து. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம், 60 கிலோவுக்கு 300 முதல் 600 கிராம், இதுவே பாதுகாப்பான வேகம். இரண்டு மாதத்தில் இறக்க முடியாத எடை அவருடைய பிரிவு அல்ல, மேல் பிரிவில் ஆடுவதே நேர்மை. வியர்வை இழப்புக்கு உலக சுகாதார நிறுவனக் கலவை உள்ள ஓஆர்எஸ் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்று. சர்க்கரை பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டு விற்பதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்தது, அதனால் டெட்ரா பேக்கைவிடப் பொட்டலத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

எடை குறைக்க நீர் பிரியும் மாத்திரை போடுவது பல ஜிம்களில் சாதாரணமாகப் பேசப்படுகிறது. ஃபியூரோசமைடு போன்ற அந்த மாத்திரைகள் எல்லாக் காலத்திலும் தடை. எடை பார்த்த பிறகு க்ளினிக்கில் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவதும் விதிமீறல்தான், மருத்துவமனைச் சிகிச்சைக்காக என்றால் தவிர. பாட்டிலில் இருப்பது 500 மில்லி.

மருந்துக்கடையிலும் கவனம் வேண்டும். சளிக்கு வாங்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பூட்டாலின் இருக்கிறது, அது தடைப் பட்டியலில் உள்ள பொருள். ரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளிக்குக் கொடுக்கும் மெஃபென்டர்மின் ஊசியை ஜிம்களில் வேகத்துக்காகப் போடுகிறார்கள். போட்டியின்போது அது தடை, இதயத்துக்கும் கேடு. மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. நாட்டு மருந்தென்றால் பயமில்லை என்ற எண்ணமும் தவறு. சித்த மருந்துகளில் சுத்தி செய்து சேர்க்கப்படும் எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் உண்டு, அதுவும் பட்டியலில் இருக்கிறது. லேபிள் இல்லாத லேகியமோ சூரணமோ வீரருக்கு ஆகாது. ஃபேட் பர்னர்களில் ஒளிந்து வருவதில் முக்கியமானது சிபுட்ராமின், இந்தியா 2011இலேயே அந்த மருந்தைத் தடை செய்துவிட்டது. உண்மையிலேயே தடை செய்யப்பட்ட மருந்து நோய்க்குத் தேவை என்றால், சிகிச்சைக்கான விலக்கு அனுமதியை நாடாவிடம் முன்கூட்டியே கேட்கலாம். நாடாவின் நோ யுவர் மெடிசின் செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

டப்பா வாங்குவதற்கு இந்தப் பகுதியின் வீரருக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சப்ளையரிடமிருந்து வரும் பாகத்தை இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே பார்த்தால் போதும். லாட் நம்பர் இல்லாத ஒரு பிராக்கெட்டை லைனுக்குள் விடாதவர், பேட்ச் நம்பர் இல்லாத பொடியை வாய்க்குள் விடுவது ஏன்? 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணை இணையத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சப்ளிமெண்ட் என்றால் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகம் இருக்க வேண்டும். எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று பிரித்துச் சொல்லாமல் 'கலவை' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் ரிஜெக்ட். ஜிம் மாஸ்டர் பெரிய டப்பாவிலிருந்து கவரில் அள்ளிக் கொடுப்பது, எவ்வளவு நம்பிக்கையான மாஸ்டராக இருந்தாலும், ரிஜெக்ட். இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை உள்ளவை பேட்ச் வாரியாகத் தடைப் பொருளுக்குச் சோதிக்கப்பட்டவை. அந்த பேட்ச் எண்ணையும் அவர்களுடைய தளத்தில் சரிபார்க்க வேண்டும், முத்திரையை அச்சடிப்பது எளிது. 2022 முதல் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தோடும் ஹைதராபாத் நைப்பர் நிறுவனத்தோடும் சேர்ந்து சப்ளிமெண்ட் சோதனை வசதியை எஃப்எஸ்எஸ்ஏஐயும் நாடாவும் உருவாக்கி வருகின்றன. அது ஊருக்கு ஊர் வரும்வரை இந்தச் சரிபார்ப்பு வீரர் கையில்தான்.

வாங்கிய பிறகு பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். டப்பா காலியானதும் தூக்கிப் போடாமல் அடியில் நாலு ஸ்பூன் பொடியை விட்டு மூடி வைக்க வேண்டும். முடிந்தால் அதே பேட்சில் சீல் உடைக்காத இன்னொன்றும். நாளைக்குச் சோதனையில் ஏதாவது வந்தால், கலப்படம் டப்பாவிலிருந்துதான் வந்தது என்று காட்ட இதைத் தவிர வேறு வழியில்லை.

சோதனை தேசியப் போட்டியில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம், கேலோ இந்தியா போட்டிகளிலும் நாடா மாதிரி எடுக்கிறது. அதிகாரி வந்தால் மறுக்கக் கூடாது. 2024 மார்ச்சில் மாதிரி கொடுக்க மறுத்ததற்காக, ஒலிம்பிக் வெண்கலம் வென்ற மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவுக்கே நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். கிட் காலாவதியாகியிருந்ததாகத் தான் எழுப்பிய புகாருக்குப் பதில் வரவில்லை என்பது அவர் வாதம், அது எடுபடவில்லை. ஆட்சேபம் இருந்தால் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். அதே படிவத்தில் கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மாத்திரை, சிரப், பவுடர் எல்லாவற்றையும் பெயரோடு குறிப்பிட ஓர் இடம் உண்டு. அங்கே எதையும் விடக் கூடாது. மாதிரி ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் சீல் வைக்கப்படும். ஏ பாட்டிலில் சிக்கல் வந்தால் பி பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வீரருக்கு இருக்கிறது. படிவத்தின் நகலை வாங்கி, பில்லோடும் அந்த நாலு ஸ்பூன் பொடியோடும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.